குடியானவர்களை ஆசிரியராகக் கொண்டவர்: சர் ஆல்பர்ட் ஹாவர்டு (1873–1947)

நாம் குடியிருக்கும் சாலாக் செலாத்தானும் அதை அடுத்த சுங்கை பெசியும் ஈயத்தால் வளர்ந்த வட்டாரங்கள். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து அதிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஈயம் கப்பலேறியது, மேல்மண் ஆற்றோடு போயிற்று. மிஞ்சியவை வெளுத்த மணல் மேடுகளும் நீர் நிறைந்த பள்ளங்களும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்றப் பகுதிகளில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். தொடக்க காலத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது என்பது துரைமார் கட்டளை. அப்படிக் கொத்திக் கொத்திச் சுத்தமாக வைத்த மண்ணையும் மழை அடித்துச் சென்றது. அதைக் கண்ட பிறகுதான் நிலத்தை மூடிக் காக்கும் பயறு வகைக் கொடிகளைப் படரவிடும் வழக்கம் தோட்டங்களில் பரவியது.

மண்ணிலிருந்து எடுக்கத் தெரிந்து, அதற்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தொலைதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. காலடியிலேயே இருக்கிறது. ஆகவே நம் சங்கத்தின் பொன்விழா மலரில், மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஓர் அறிஞரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அவர் ஆங்கிலேயர். ஆளும் இனத்தின் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர். உழவு கற்பிக்க வந்த அவர், அங்கிருந்த ஏழைக் குடியானவர்களிடம் உழவு கற்றுக்கொண்டு திரும்பினார். அவர் கற்ற பாடம் பின்னாளில் கடல் கடந்து, சிங்கப்பூரில் உழைத்த நம் தமிழ்த் தொழிலாளர்களின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்து சேர்ந்தது.

பிறப்பும் படிப்பும்

ஆல்பர்ட் ஹாவர்டு 1873 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் மேற்கெல்லையில் உள்ள ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் பிறந்தார். உழவர் குடும்பம். மாட்டையும் எருக்குவியலையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. லண்டனில் ராயல் அறிவியல் கல்லூரியில் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார்.

1899-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. பார்படோஸ் தீவில் தங்கி, கரும்பையும் பிற வெப்ப மண்டலப் பயிர்களையும் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராய்வது அவர் பணி. நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து நோயைக் கண்டறிந்து, விவசாயிக்கு மருந்து சொல்ல வேண்டும். இங்கேதான் அவர் மனத்தில் முதல் கேள்வி எழுந்தது. தாம் சொல்லும் யோசனையைத் தாமே செய்து பார்க்க அவருக்கு ஒரு காணி நிலம்கூட இல்லை. ஆய்வுக்கூடத்து அறிஞரும் வயலில் நிற்கும் விவசாயியும் வேறு வேறு உலகில் இருந்தார்கள். நட்டு, நீர் பாய்ச்சி, அறுவடை செய்து, லாப நட்டம் கண்டவருக்கே ஆலோசனை சொல்லத் தகுதி உண்டு என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

1903-இல் இங்கிலாந்து திரும்பி, கென்ட் மாவட்டத்து வை என்னும் ஊரின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஹாப்ஸ் என்னும் கொடிப்பயிர் முக்கியமானது. விவசாயிகள் காய்க்காத ஆண் கொடிகளைப் பயனற்றவை என்று அகற்றி வந்தார்கள். மகரந்தம் பெற்ற பெண் கொடிகள் விரைவாகவும் நோயை எதிர்த்து நிற்கும் வலுவோடும் வளர்வதை ஹாவர்டு செய்து காட்டினார். இயற்கை வைத்திருக்கும் ஏற்பாட்டை வீண் என்று வெட்டி எறியும் முன் அது ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றார்.

அக்காலத்து உழவு அறிவியல்

ஹாவர்டின் பணி விளங்க வேண்டுமானால், அவர் காலத்து அறிஞர்கள் மண்ணை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும். 1840-இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் யுஸ்டஸ் வான் லீபிக், பயிர் மண்ணிலிருந்து குறிப்பிட்ட தாதுச் சத்துக்களை எடுத்துக்கொள்கிறது என்று விளக்கி நூல் வெளியிட்டார். எடுத்ததை ஈடு செய்யாவிட்டால் நிலம் வறண்டுவிடும் என்றும், எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும் என்றும் எடுத்துரைத்தார். பெரிய உண்மைதான். ஆனால் அதிலிருந்து ஒரு சுருக்கு வழி பிறந்தது. எடுத்த சத்தைத் தூளாக மூட்டையில் கட்டி விற்கலாம் அல்லவா? இங்கிலாந்தின் ஜான் லாஸ் 1843-இல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிரித்து உரமாக்கும் முறையும் வந்துவிட்டது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் கணக்குப் பார்த்துப் போட்டால் போதும், பயிர் வளரும் என்ற எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியது. மண் ஒரு பாத்திரம், அதில் சத்தைக் கொட்டுவது நம் வேலை என்று ஆயிற்று. அந்தப் பாத்திரத்துக்குள் உயிர் இருக்கிறது என்பது பின்னுக்குப் போய்விட்டது.

இந்திய விவசாயியைப் பற்றி அன்றைய அரசு அதிகாரிகளில் பலர் கொண்டிருந்த எண்ணம் அவர் அறியாதவர், பழமையில் ஊறியவர் என்பதே. 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் மட்டும் நாடு முழுதும் சுற்றிப் பார்த்து, 1893-இல் வெளியான தம் அறிக்கையில் இந்தியக் குடியானவர் இங்கிலாந்தின் சராசரி விவசாயிக்குக் குறைந்தவர் அல்லர் என்று எழுதினார். அவருக்கு எரு கிடைக்காததுதான் குறை என்றும், சாணம் அடுப்புக்குப் போகாமல் இருக்க விறகுக் காடுகள் வளர்க்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

பூசாவில் கற்ற பாடம்

1905-இல் ஹாவர்டு இந்தியா வந்தார். கர்சன் பிரபு காலத்தில், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, பீகாரில் பூசா என்னும் இடத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இன்று அது சமஸ்திப்பூர் மாவட்டம். அந்நிலையத்தின் தாவரவியல் துறைக்கு ஹாவர்டு பொறுப்பேற்றார். அதே ஆண்டு பம்பாயில் கேப்ரியல் மத்தாய் என்ற அம்மையாரை மணந்தார். கேப்ரியல் கேம்பிரிட்ஜில் தாவரங்களின் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்து தமக்கென்று பெயர் பெற்றிருந்தவர். 1913-இல் அரசே அவரை ஹாவர்டுக்கு அடுத்த நிலைத் தாவரவியலாளராக நியமித்தது. கணவரின் பெயரில் நாம் படிக்கும் ஆராய்ச்சிகளில் பாதி அந்த அம்மையாரின் உழைப்பு. இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 முதலிய கோதுமை இனங்கள் வட இந்தியாவில் பரவின.

கோதுமை அவருக்குப் புகழ் தந்தது. ஆனால் அவரை மாற்றியது வேறு. பூசாவில் அவர் கேட்டுப் பெற்ற ஏறத்தாழ 75 ஏக்கர் நிலம் இருந்தது. முதல்முறையாகத் தம் யோசனையைத் தாமே சோதிக்க இடம் கிடைத்தது. சுற்றியிருந்த ஊர்களின் வயல்களைப் பார்த்தார். அங்கே மருந்து இல்லை, மூட்டை உரம் இல்லை. ஆயினும் பயிரில் நோயும் பூச்சியும் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாக இருந்தன. ஆய்வு நிலையத்தில் தடுமாறும் பயிர், வேலிக்கு அப்பால் எளிய விவசாயியின் நிலத்தில் செழிப்பாக நிற்பானேன்?

அவர் அந்தக் குடியானவர்களையே தம் ஆசிரியராக்கிக்கொண்டார். பூச்சியையும் நோயையும்கூட ஆசிரியர் என்றே கருதினார். பூச்சி வந்தால் அதைக் கொல்வதற்கு முன், அந்தப் பயிர் ஏன் அதற்கு இரையாகும் நிலைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்; இனம் பொருந்தவில்லையா, மண்ணில் காற்றோட்டம் இல்லையா, எரு போதவில்லையா என்று தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. குடியானவர்கள் எப்போது உழுகிறார்கள், எந்தத் தானியத்தோடு எந்தப் பயற்றைக் கலந்து விதைக்கிறார்கள், மழை நீரை எப்படி வடிக்கிறார்கள் என்று கவனித்துத் தம் நிலத்திலும் செய்தார். ஐந்தாண்டுகளில் மருந்தின் துணையின்றி நோயற்ற பயிரை விளைவிக்க முடிந்தது.

பீகாரில் அப்போது அவுரிச் செடி வாடி அழிந்துகொண்டிருந்தது. நோய்க்கிருமியைத் தேடி மற்றவர்கள் அலைந்தபோது, ஹாவர்டு தம்பதியர் செடியைத் தோண்டி வேரைப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கி, மண்ணுக்குள் காற்றுப் புகாமல் வேர் செத்திருந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும் என்பதை அவர்கள் பல பயிர்களில் விளக்கிக் காட்டினார்கள். கோடையில் பலூச்சிஸ்தானத்துக் குவெட்டாவுக்குப் போய், அங்கிருந்த பழத்தோட்டங்களிலும் இதே முறையில் ஆராய்ந்தார்கள்.

பூசாவில் அவருக்குக் குறை ஒன்று இருந்தது. தாவரவியல் ஓர் அறை, வேதியியல் ஓர் அறை, பூச்சியியல் ஓர் அறை, பூஞ்சையியல் ஓர் அறை. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக் கூடாது. விவசாயியின் வயலிலோ இவை எல்லாம் ஒன்றாகவே நடக்கின்றன. பயிரை நான்காகப் பிரித்துப் பார்த்தால் பயிர் தெரியாது என்று அவர் வாதாடினார். மேலிடம் கேட்கவில்லை. ஆகவே வெளியேற வழி தேடினார்.

இந்தூரும் எருக்குழியும்

1924-இல் மத்திய இந்தியாவின் இந்தூரில், ஹோல்கர் சமஸ்தானம் குத்தகைக்கு அளித்த 300 ஏக்கர் நிலத்தில், இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் பொருளுதவியோடு ஒரு பயிராராய்ச்சி நிலையம் அமைந்தது. ஹாவர்டு அதன் இயக்குநரானார். இங்கே துறைச்சுவர்கள் இல்லை. மாட்டுத் தொழுவம், வயல், எருக்குழி, ஆய்வுக்கூடம் எல்லாம் ஒரே பொறுப்பில் இருந்தன. வேலையாட்களுக்குக் கூலியைத் தவறாமல் கொடுப்பதும், உழைக்கும் நேரத்தை அளவோடு வைப்பதும், இருப்பிடத்தையும் மருத்துவத்தையும் கவனிப்பதும் நல்ல வேளாண்மையின் பகுதியே என்று நடத்திக் காட்டினார்.

சுற்றிலும் கரிசல் மண். எரு பற்றாக்குறை. பருத்தி மார், கரும்புச் சக்கை, களை, சருகு என்று கழிவுகளோ ஏராளம். இவற்றை அப்படியே மண்ணில் உழுதுவிட்டால் தீமையே விளையும். காய்ந்த தண்டையும் தாளையும் மட்க வைக்கும் நுண்ணுயிர்கள், தங்கள் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து கடன் வாங்கும். பயிர் பட்டினி கிடக்கும். ஆகவே மட்கும் வேலையை வயலுக்கு வெளியே முடித்துவிட்டு, பழுத்த எருவாக உள்ளே கொண்டுவர வேண்டும். ஹாவர்டும் வேதியியலாளர் யஷ்வந்த் வாட் என்பவரும் பல ஆண்டுகள் உழைத்து இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். உலகம் இன்று இதை இந்தூர் முறை என்கிறது.

முறை எளிது. கடினமான பருத்தி மாரைப் பண்ணைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரத்தால் நசுங்க வைப்பார்கள். பலவகைக் கழிவுகளையும் கலந்து மாட்டுக்குப் படுக்கையாகப் போடுவார்கள். மறுநாள் சாணமும் மூத்திரமும் தோய்ந்த அந்தப் படுக்கையை அள்ளிக் குழியில் அடுக்குவார்கள். இடையிடையே தொழுவத்தின் மூத்திரம் ஊறிய மண், விறகுச் சாம்பல், பழைய எருக்கரைசல் ஆகியவற்றைத் தூவி, நீர் தெளிப்பார்கள். குழி சுமார் 30 அடி நீளம், 14 அடி அகலம் இருக்கும். ஆழம் மட்டும் இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது. போனால் அடியில் காற்றுப் புகாது. சில நாட்களில் குவியல் கொதிக்கத் தொடங்கும். வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தச் சூட்டில் களை விதையும் ஈயின் புழுவும் மடியும். மூன்று முறை புரட்டிப் போட்டால், மூன்று மாதத்தில் கறுத்து, பொலபொலத்து, காட்டு மண்ணின் வாசனையோடு எரு தயார். மழைக்காலத்தில் குழியில் நீர் நிற்கும் என்பதால் தரைக்கு மேல் குவியலாகப் போடச் சொன்னார்கள். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் நாட்டில் இந்தச் சிறு குறிப்பு முக்கியமானது.

இதெல்லாம் தாம் கண்டுபிடித்த புதுமை என்று ஹாவர்டு உரிமை கொண்டாடவில்லை. சீன விவசாயிகள் நாற்பது நூற்றாண்டுகளாக ஒரு துரும்பையும் வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்பிய வரலாற்றை அமெரிக்கரான எஃப். எச். கிங் எழுதிய நூல் 1911-இல் வெளிவந்தது. ஹாவர்டு அதைப் படித்துப் பெரிதும் ஊக்கம் பெற்றார். நம் வாசகர்களுக்கு இன்னொரு பெயரையும் நினைவூட்ட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், கிதாபுல் ஃபிலாஹா என்ற பெருநூலை எழுதினார். மண்ணின் வகையிலிருந்து தொடங்கி, அடுத்து எரு, அதற்கடுத்து நீர் என்ற வரிசையில் அந்நூல் செல்கிறது. 1802-இல் அது மட்ரிட் நகரில் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு அச்சானது. நம் ஊர்ப்பக்கத்து விவசாயமும் இதற்கு விலக்கல்ல. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதும், கோடையில் கண்மாய் வண்டலை வண்டியில் அடிப்பதும், கொழிஞ்சியும் ஆவாரந்தழையும் மிதித்து நடவு செய்வதும் இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் கடையநல்லூர்ப் பக்கத்திலும் நம் முன்னோர் கண்டு வளர்ந்தவை. இப்படிச் சிதறிக் கிடந்த அனுபவத்துக்கு அளவும் காரணமும் கண்டு, எவரும் செய்யத்தக்க முறையாக எழுதி வைத்ததே ஹாவர்டின் சிறப்பு.

இழப்பும் எழுத்தும்

1930-இல் கேப்ரியல் அம்மையார் காலமானார். கால் நூற்றாண்டு தோளோடு தோள் நின்றவரை இழந்த ஹாவர்டு, அடுத்த ஆண்டு இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதே 1931-இல் வாட் அவர்களுடன் சேர்ந்து எழுதிய வேளாண் கழிவுகள் பற்றிய நூல் வெளிவந்தது. கேப்ரியலின் தங்கை லூயிஸ் அவரை மணந்து, இறுதி வரை அவர் பணிக்குத் துணை நின்றார். 1934-இல் அரசு சர் பட்டம் அளித்தது.

ஓய்வு பெற்றவர் ஓயவில்லை. கென்யாவின் காப்பித் தோட்டங்களிலும் இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இந்தூர் முறை பரவியது. இலங்கையின் மலைநாட்டில் கூடை சுமந்தவர்களும் எருக்குவியல் புரட்டியவர்களும் பெரும்பாலும் நம் தமிழ் மக்களே. 1940-இல் ஹாவர்டு தம் அனுபவம் முழுவதையும் தொகுத்து வேளாண் சாசனம் என்று பொருள்படும் நூலை வெளியிட்டு, மறைந்த கேப்ரியலுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இயற்கை விவசாயம் என்று இன்று உலகெங்கும் நடக்கும் இயக்கத்துக்கு அது முதல் நூல்களில் ஒன்று. இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் அம்மையாரும் அமெரிக்காவில் ஜே. ஐ. ரோடேலும் அவரைப் பின்பற்றி இயக்கம் வளர்த்தார்கள்.

அறிஞர் உலகம் முழுவதும் அவரை ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. அவரும் சில இடங்களில் சான்றுக்கு மேல் பேசினார். வளமான நிலத்தில் விளைந்த தீவனம் தின்ற தம் எருதுகள், நோய்வாய்ப்பட்ட அண்டை மாடுகளோடு மூக்குரசியும் கோமாரி நோய் தொற்றாமல் இருந்ததை அவர் பெரிய ஆதாரமாகக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு மந்தை வைத்துச் செய்த சோதனை அல்ல அது. ஆகவே இன்றைய கால்நடை மருத்துவம் அதை நிரூபணமாகக் கொள்ளாது. அதுபோல, மூட்டை உரம் இல்லாமல் இன்றைய உலக மக்கள் தொகைக்குச் சோறிட முடியுமா என்ற கேள்வியும் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. ஆனால் அவர் சொன்னதன் உயிர்நாடி நிலைத்துவிட்டது. மண் உயிருள்ளது, அதில் வாழும் பூஞ்சையும் நுண்ணுயிரும் பயிரின் வேரோடு கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன, அவற்றின் உணவு மட்கு. இதை இன்று எந்த வேளாண் கல்லூரியும் மறுப்பதில்லை.

சிங்கப்பூரின் தமிழ்த் தொழிலாளர்கள்

இனி நம்மவர் தொடர்பான செய்தி. இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் சிங்கப்பூரின் தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்தவர் டாக்டர் ஷார்ஃப். ஹாவர்டின் முறையில் நம்பிக்கை கொண்ட அவர், நகரக் கழிவைக் கொண்டு மட்கு எரு தயாரிக்க ஏற்பாடு செய்தார். தம் துறையில் துப்புரவுப் பணி செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்குக் காய்கறிப் பாத்திகள் ஒதுக்கி, அந்த எருவைக் கொடுத்துப் பயிரிடச் செய்தார். விளைந்த கீரையும் காயும் அவர்கள் குடும்பங்களுக்கே உணவாயின. காலப்போக்கில் தொழிலாளர்களின் உடல்நலமும் உழைக்கும் திறனும் தெளிவாக முன்னேறியதை அவர் பதிவு செய்தார். ஹாவர்டு 1945-இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறியிருக்கிறார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பாத்திகளைப் பற்றிய பதிவும் அத்தோடு முடிந்தது. அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் அந்த நூலில் இல்லை. பூசாவிலும் இந்தூரிலும் ஹாவர்டுக்குக் கற்றுக்கொடுத்த குடியானவர்களின் பெயர்களும் இல்லை. குப்பை அள்ளிய கையாலேயே எரு செய்து, கீரை வளர்த்து, தம் பிள்ளைகளை ஊட்டி வளர்த்தவர்கள் அவர்கள். பதவியில் இருந்தவர் எழுதி வைத்ததால் மட்டுமே அந்த உழைப்பு நமக்குத் தெரிய வந்திருக்கிறது. நம் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைத் தொகுக்கும் இந்த நேரத்தில், பாய் விரித்தவர், சட்டி சுமந்தவர், ஜனாஸாவுக்கு முன்னின்றவர் என்று எல்லார் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்று நாம் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர் ஆல்பர்ட் ஹாவர்டு 1947 அக்டோபர் 20 அன்று லண்டனில் காலமானார். அவர் 26 ஆண்டுகள் உழைத்த நாடு விடுதலை பெற்று இரண்டு மாதமே ஆகியிருந்தது.

நம் அடுக்களையும் நம் மண்ணும்

நம் சமுதாயம் இந்நாட்டில் பெயர் பெற்றது உணவுத் தொழிலால். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம்மவர் கடைகளில் அடுப்பு அணைவதே இல்லை. அந்த அடுக்களைகளில் நாள்தோறும் சேரும் வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சக்கை, வாழையிலை, காய்கறிக் கழிவு எல்லாம் எங்கே போகின்றன? கறுப்புப் பையில் கட்டப்பட்டுக் குப்பை மேட்டுக்குப் போகின்றன. நாட்டின் வீட்டுக் குப்பையில் பாதிக்குச் சற்றே குறைவானது உணவுக் கழிவு என்று அரசாங்க ஆய்வு காட்டியிருக்கிறது. காற்றில்லாத ஆழத்தில் அது அழுகி, வெப்பத்தைக் கூட்டும் மீத்தேன் வாயுவாகிறது. அதே பொருள் இரண்டடிக் குவியலில் காற்றோடு மட்கினால் எருவாகிறது. கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது சட்டம். பிரித்ததை மண்ணுக்குச் சேர்க்கும் வேலை மட்டும் நம் கையில் இருக்கிறது.

நிலம் நமக்கு அமானிதம் என்று நம் பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். வாங்கியதைக் குறையாமல் திருப்பிக் கொடுப்பவரே அமானிதம் காத்தவர். ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலை விட்டுச் சென்ற வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் உறுப்பினர்கள் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். இடமிருப்பவர்கள் கூரை நிழலில், தரைக்கு மேல், கைக்கெட்டும் அகலத்தில் ஒரு குவியல் தொடங்கலாம். காய்ந்த சருகு அல்லது மரத்தூள் ஒரு பங்கு, அடுக்களைப் பச்சைக் கழிவு ஒரு பங்கு, இடையில் ஒரு கை பழைய மண். பிழிந்த துணியின் ஈரம் போதும். இறைச்சியும் எண்ணெயும் சேர்த்தால் எலி வரும். அவற்றை விலக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை, ஐந்தாம் வாரம் ஒரு முறை, இரண்டாம் மாதம் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் ஓட்டையிட்ட ஒரு வாளியில் இதையே செய்யலாம். உணவகம் நடத்துவோர் தேயிலைச் சக்கையையும் வெங்காயத் தோலையும் தனி வாளியில் சேர்த்துக் கொடுத்தால், சிறுதோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் மாலையில் வந்து எடுத்துப்போக ஆயத்தமாக இருக்கிறார்கள். இந்த மாதம் தொடங்குகிற குவியலை மூன்று மாதம் கழித்து நாம் எல்லாரும் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.